மடு யாத்திரைக் குழு: 2024ஆம் ஆண்டறிக்கை

பங்குத்தந்தை அவர்களுக்கும் தலைவருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஒரு கூட்டத்தில் மட்டும் சத்தம் கூடிவிட்டது. மன்னார் மாவட்டத்து மடு மாதா கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் செபமாலையை எந்த மொழியில் சொல்வது என்பதுதான் பிரச்சினை. நீர்கொழும்புக் கரையில் இது சின்ன விஷயம் இல்லை. பாட்டனார் தமிழில் மந்திரம் படித்தவர், பேரப்பிள்ளை சிங்களப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது, அதே வீட்டுக்கு மருமகள் மன்னாரிலிருந்து வந்திருக்கிறாள். கடைசியில் மூத்த அங்கத்தவரான ஒரு அம்மா சொன்னதே தீர்மானமாயிற்று: அருள்நிறைந்த மந்திரத்தின் முதல் பாதி தமிழில், மறுபாதி சிங்களத்தில், அடுத்த தேவ இரகசியத்துக்கு மாற்றிக்கொள்வது. புத்தளம் வரை தடுமாறினோம். மதவாச்சி தாண்டும்போது, யார் எந்தப் பாதியைச் சொல்கிறார்கள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

மடு மாதாவின் சொரூபத்துக்கு முடிசூட்டியது 1924 ஜூலை 2ஆம் திகதி. அந்த நூறாவது ஆண்டு என்பதால் ஆவணித் திருவிழாவுக்கு இரண்டு பஸ் பிடித்தோம். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து மக்கள் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடிய சொரூபம் அது. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மறுபடியும் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. 1999 நவம்பரில் மடுக் கோயில் வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் ஷெல் விழுந்து இறந்ததை இரவு கூடாரத்தில் மன்னார் மருமகள்தான் சொன்னாள். நம் சிங்களப் பிள்ளைகளில் பலர் அதை முதல்தடவையாகக் கேட்டார்கள். புனித யோசப் வாஸ் அடிகளாரைப் பற்றியும் அங்கே பேச்சு வந்தது. அவர் கொங்கணி பேசிய கோவாக்காரர். தமிழும் சிங்களமும் படித்துத்தான் இங்கே இரு மக்களுக்கும் பணி செய்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் வந்தார். இதையெல்லாம் மறைக்கல்வி வகுப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கூடாரத்தில் கேட்டால்தான் மனதில் நிற்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வள்ளப் பங்கு விஷயத்தில் பல வருடமாகப் பேசாத அண்ணன் தம்பி குடும்பங்களை ஒரே கூடாரத்தில் போட்டுவிட்டேன். பட்டியல் எழுதியது நான்தான், கவனிக்கவில்லை. முதல் நாள் நடுவில் சேலை கட்டி மறைத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் தம்பியின் பிள்ளைக்குக் காய்ச்சல். அண்ணி கேட்காமலே கஞ்சி வைத்தார். சேலை அவிழ்ந்தது. அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். வள்ள வழக்கு இன்னும் நடக்கிறது. இருந்தாலும் இந்த வருடப் பட்டியலில் இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் பெயர் கொடுத்திருக்கின்றன.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அப்புறம், சமையலுக்குக் கொண்டுபோன பெரிய அண்டா இன்னும் திரும்பி வரவில்லை. யார் வீட்டில் இருந்தாலும் திருவிழாவுக்கு முன் பங்குமனையில் ஒப்படைத்துவிடுங்கள்.

செயலாளர்