பூனையின் மண் பெட்டியைக் கண்காணாத இடத்துக்குத் தள்ளாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தடுப்பூசி, உணவு, முடி உதிர்வது என்று பலவற்றையும் பொறுப்பாக எழுதியிருந்தார்கள். ஆனால் பூனை மலசலம் கழிக்கும் மண் பெட்டியைப் பற்றி மட்டும் இரண்டே வரி. வாடை வராமலிருக்க அதைக் குளியலறையிலோ பால்கனியிலோ வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அந்த இரண்டு வரி பல பூனைகளைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலமெல்லாம் முசிறி, தொட்டியம், துறையூர்ப் பக்கம் மாடும் ஆடும் கோழியும்தான். பூனைக்கு வைத்தியம் பார்க்க வாருங்கள் என்று அந்த ஊர்களில் யாரும் கூப்பிட்டதில்லை. இப்போது மகள் வீட்டோடு திருச்சி தில்லைநகரில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பிலும் அக்கம்பக்கத்திலும் பூனை வளர்ப்பவர்கள் நிறையப் பேர். கால்நடைத் துறையில் இருந்தவர் என்று கேள்விப்பட்டு என்னிடம் வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே புகார். "சார், மெத்தை மேல போயிடுது." "மடிச்சு வச்ச துணி மேல போகுது சார்." "திட்டுனதுக்குப் பழி வாங்குது, வேணும்னே பண்ணுது."

பூனைக்கு மெத்தையைப் பாழாக்கி மனிதரைப் பழிவாங்கும் எண்ணமெல்லாம் கிடையாது. அதற்கு அவசரம், போக வேண்டிய இடத்துக்குப் போக முடியவில்லை, அல்லது போகப் பயம். மெத்தை மிருதுவாகவும் காய்ந்தும் இருக்கிறது, அங்கே போகிறது. இது புரியாமல் கோணிப்பையில் கட்டிக் கொள்ளிடக் கரையிலோ மீன் மார்க்கெட் வாசலிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை தெருநாய்களுக்கு நடுவே எத்தனை நாள் பிழைக்கும்? பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பாவம் நடக்கும் முன், பெட்டியை எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கொல்லைப்புறம் இருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை. அடுப்புச் சாம்பல் கொட்டும் குழி, வேலியோரத்துக் காய்ந்த மண், பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டிய மணல் என்று பூனை தானே இடம் பார்த்துக்கொள்ளும். அது தேர்ந்தெடுத்த இடங்களைக் கவனித்திருப்பவர்களுக்குத் தெரியும்: மண் பொலபொலவென்று இருக்கும், ஈரமிருக்காது, நாய் வந்தால் தூரத்திலேயே கண்ணுக்குப் படும், ஓட இரண்டு வழியாவது இருக்கும். எலியைப் பிடிக்கிற பூனை நாய்க்குத் தானே இரை. குந்தியிருக்கும் அந்த நேரத்தில்தான் அது தற்காப்பின்றி இருக்கிறது. அதனால்தான் இடத்தில் அத்தனை கண்டிப்பு.

மண்ணை வீட்டுக்குள் கொண்டுவரும் வழி பிறகு வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர் 1947-இல், எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பயன்பட்ட களிமண்ணைப் பூனைக்கென்று விற்க ஆரம்பித்தார். அதற்குமுன் அங்கேயும் சாம்பலும் மணலும்தான். முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியின் இனம் அந்த மண். இன்று நம் கடைகளில் கிடைக்கும், சிறுநீர் பட்டதும் கட்டி பிடிக்கிற மண் பென்டோனைட். குஜராத்தின் கச்சுப் பகுதியில் வெட்டி எடுப்பது. ஆக, கொல்லை மண்ணுக்கு மாற்று கடையிலேயே கிடைக்கிறது. அது இருந்த இடத்துக்கு மாற்றைத்தான் நம் வீட்டுக்குள் நாம் தேட வேண்டும்.

குளியலறை ஏன் ஆகாது என்கிறேன் என்றால், நம் வீட்டுக் குளியலறை நாள் முழுக்க ஈரம். வாளியும் குவளையும் வைத்துக் குளிக்கிறோம், கால் கழுவுகிறோம், தண்ணீர் எங்கும் தெறிக்கிறது. பென்டோனைட்டில் நாலு சொட்டு விழுந்தால் அது குழைந்து சேறாகிவிடும். பூனை அதில் கால் வைக்காது. கதவைச் சாத்துவது நம் வழக்கம். குளிக்க ஆள் போனால் அரைமணி நேரம் பூனைக்கு வழியில்லை. காலையில் வீட்டில் எல்லோரும் அவசரமாகக் கிளம்பும் நேரமும் பூனை சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைத் தேடும் நேரமும் ஒன்றாகவே இருக்கும்.

அதைவிடப் பெரிய கேடு பினாயில். குளியலறை என்றால் பினாயில் ஊற்றாமல் நம்மவர்களுக்குத் திருப்தி வராது. கறுப்புப் பினாயிலிலும், தண்ணீரில் கலந்தால் வெள்ளையாக மாறுகிற கிருமிநாசினிகளிலும் ஃபீனால் வகை இரசாயனங்கள் இருக்கின்றன. மனிதர்களின் கல்லீரல் அவற்றைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கும். அப்படித்தான் விஷம் உள்ளே போகிறது. துணி அலமாரியில் போடும் அந்துருண்டையும் பூனைக்கு நஞ்சுதான். பூனை சிறுநீர் கழித்த இடத்தில் பிளீச்சிங் திரவம் ஊற்றுவது நமக்கே ஆபத்து: சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சடைக்கும் வாயு கிளம்பும். பெட்டியைக் கழுவ வாசனையில்லாத சாதாரண சோப்பும் சுடுதண்ணீரும் போதும்.

பால்கனிக்கு வருகிறேன். அக்கினி நட்சத்திரத்தில் மதியம் எங்கள் ஊர்ப் பால்கனித் தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. ஐப்பசியில் சாரல் அடித்தால் பெட்டி முழுக்கக் களி. வலை போடாத பால்கனியில், காக்கையைத் துரத்தி நாலாம் மாடியிலிருந்து விழுந்த பூனையை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் பால்கனி வேண்டாம் என்று நான் சொல்ல இவை எதுவும் முதல் காரணமல்ல. அங்கே என்ன நடக்கிறது என்று நம் கண்ணில் படாது.

எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் செவலைக் கடுவன் ஒன்று இருந்தது. பெட்டி பின்பக்கப் பால்கனியில், துவைக்கும் மெஷினுக்குப் பின்னால். ஒருநாள் மாலை அந்த வீட்டு அம்மாள் வந்து, "அண்ணே, ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல, முக்கிக்கிட்டே கெடக்குது, மலச்சிக்கல்னு விளக்கெண்ணெய் குடுத்தேன்" என்றார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மூத்திரப்பை கல்லாக இருந்தது. ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. மணல் போன்ற படிகமும் சளியும் சேர்ந்தால் அடைத்துவிடும். அடைத்தால் உடம்பில் நஞ்சும் பொட்டாசியமும் ஏறி, இரண்டு மூன்று நாளில் இருதயம் நின்றுவிடும். நேராகக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, குழாய் செருகிச் சிறுநீரை எடுத்தார். ஆனாலும் தாமதமாகிவிட்டது. மறுநாள் விடியும்முன் அது போய்விட்டது.

பெட்டி கூடத்தில் இருந்திருந்தால் முதல் நாள் காலையிலேயே யாராவது பார்த்திருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் நாலு தடவை போய்க் குந்துகிறதே, மண்ணில் ஈரமே இல்லையே, கத்துகிறதே என்று கேட்டிருப்பார்கள். வயதான பூனைக்குச் சிறுநீரகம் கெடும்போது மண்கட்டிகள் திடீரென்று பெரிதாகும். சர்க்கரை வியாதியிலும் அப்படித்தான். பேதி, இரத்தம், புழு எல்லாவற்றையும் அந்தப் பெட்டிதான் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. வாயில்லாத ஜீவன். அதன் உடம்புக்கு என்ன என்று தெரிந்துகொள்ள அந்த மண்ணை விட்டால் நமக்கு வேறு வழியில்லை. அதைக் கண்காணாத மூலைக்குத் தள்ளச் சொல்வது தப்பான யோசனை.

அப்படியானால் எங்கே வைப்பது? என்னைக் கேட்டால், ஆள் புழங்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஆனால் ஆள் மிதித்துப் போகாத இடத்தில். கூடத்து சோபாவுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் திறப்பு இருக்கும்படி இரண்டடி விட்டு வைக்கலாம். படுக்கையறைக்குப் போகும் நடையின் ஓரத்தில் வைக்கலாம். உபரி அறை இருந்தால் கதவு சாத்தாதபடி முட்டுக்கொடுத்து அங்கே வைக்கலாம். அலமாரிக்குள்ளும் மாடிப்படியின் அடிமூலையிலும் வேண்டாம். ஒரே வாசல் என்றால், இரண்டு பூனை உள்ள வீட்டில் ஒன்று வாசலில் உட்கார்ந்து மற்றதை மடக்கும். துவைக்கும் மெஷின் பக்கம் வேண்டவே வேண்டாம். பிழியும்போது அது அதிருகிற அதிர்ச்சியில் ஒரு தடவை பயந்த பூனை திரும்ப அங்கே எட்டிப் பார்ப்பது கஷ்டம். சோறும் தண்ணீரும் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். தின்னும் இடத்தை அசுத்தம் செய்யப் பூனைக்குப் பிடிக்காது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருப்பது நல்லது. அவற்றையும் வரிசையாக ஒரே சுவரோரம் அடுக்கினால் பூனைக்கு அது ஒரே இடம்தான், பிரித்து வையுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளமுள்ள பிளாஸ்டிக் தொட்டி போதும். கிழட்டுப் பூனைக்கு மூட்டு வலி இருக்கும், ஒரு பக்கத்து விளிம்பை வெட்டித் தாழ்த்திக் கொடுங்கள்.

கூடத்திலா, பூஜை அறை எதிரிலா என்று பெரியவர்கள் கேட்பார்கள். என் மனைவியும் கேட்டாள். நியாயமான கேள்வி. பூஜை அறைக்கும் சமையற்கட்டுக்கும் நேராக வைக்க வேண்டாம், வீட்டில் இன்னொரு சுவர் கட்டாயம் இருக்கும். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை கட்டிகளை அள்ளிவிட்டால் வாடை வராது. அள்ளாத பெட்டிதான் நாறும். அது பால்கனியில் இருந்தாலும் அடுத்த வீட்டுக்கு நாறும். மூடி போட்ட பெட்டியில் நமக்கு வாடை குறையலாம், உள்ளே போகிற பூனைக்கு மொத்தமும் அங்கேயே அடைந்து கிடக்கும். கடுவனுக்குக் கருத்தடை செய்துவிட்டால் அந்தக் காட்டமான மூத்திர நெடி பெருமளவு அடங்கும்.

வீட்டில் பெண் கருவுற்றால் உடனே பூனையைத் துரத்துகிறார்கள். பயத்துக்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. பயம் பொய்யல்ல, ஆனால் அளவோடு தெரிந்துகொள்ள வேண்டும். பூனை பெரும்பாலும் முதல் தடவை தொற்றும்போதுதான், இரண்டு மூன்று வாரம்வரை, அதன் முட்டைகளை மலத்தில் வெளியேற்றும். வெளியேறிய முட்டை தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். ஆகவே தினமும் அள்ளிவிட வேண்டும். அள்ளுவது கர்ப்பிணியாக இருக்கக் கூடாது, கணவரோ மாமியாரோ செய்யட்டும். பெட்டியைக் கர்ப்பிணி படுக்கும் அறையிலிருந்து மாற்றிவிடுங்கள். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் தோட்ட மண்ணும் அதே தொற்றைத் தரக்கூடியவை, அவற்றிலும் அதே கவனம் வேண்டும்.

அள்ளிய கட்டியைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்த மண் ஊறிப் பெருத்துக் குழாயை அடைக்கும், கீழ்வீட்டுக்காரர் அவதிப்படுவார். பையில் போட்டு இறுக்கிக் கட்டி, இது பூனைக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். கையால் பிரிப்பவர் அவர்.

இணைப்பிதழின் அடுத்த பூனைக் கட்டுரையில் இந்த இடம் பற்றிய பகுதியைக் கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே பால்கனியில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: இன்றே அதைத் தூக்கிவிடாதீர்கள், பூனை தடுமாறிப்போகும். அந்தப் பெட்டி அங்கேயே இருக்கட்டும். வீட்டுக்குள் இரண்டாவதாக ஒன்றை வையுங்கள், அதே மண்ணை இரண்டு அங்குல உயரத்துக்குப் போடுங்கள், பழைய பெட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணையும் மேலே தூவுங்கள். மெத்தையிலோ மூலையிலோ போய்ப் பழகிய பூனையென்றால் முதலில் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, பிறகு தினம் ஓரடியாக நகர்த்துங்கள். உள்ளே இருப்பதை அது சில வாரம் தொடர்ந்து பயன்படுத்திய பிறகு வெளியே இருப்பதை எடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
தில்லைநகர், திருச்சி