பிக்கப்பின் பின்சக்கர மட் ஃபிளாப் இருக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிதாகப் பிக்கப் எடுக்கும் நம் ஒப்பந்தக்காரர்கள் சிலர் முதல் வேலையாக, சக்கரத்துக்குப் பின்னால் சேற்றைத் தடுக்கத் தொங்கும் மட் ஃபிளாப்பைக் கழற்றிவிடுகிறார்கள். கொஞ்சம் அகலமான டயர் பூட்டியதும் பின்னால் தொங்கும் ரப்பர் வண்டியின் அழகைக் கெடுக்கிறதாம். கேட்டால், "என் வண்டி, என் விருப்பம்" என்கிறார்கள். குளிர்சாதன வேலைக்குப் பிக்கப் ஓட்டுபவன் நான், மற்ற நேரத்தில் மோட்டார் சைக்கிள்தான், அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சராசரியாக 170 நாள்கள்போல் பெய்கிறது. சுமத்ரா காற்றோடு மழை வருவதும் பெரும்பாலும் விடியற்காலையில்தான், அதாவது ஜோகூரிலிருந்து பாலம் கடந்து ஆயிரக்கணக்கானோர் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வரும் அதே நேரம். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் எழுபதில் போகும் பிக்கப்பின் டயர் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர் நேராகத் தலைக்கவசக் கண்ணாடியில் அடித்தால் ஒரு கணம் எதுவுமே தெரியாது, ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியதுதான்.

தண்ணீரைவிடக் கல் மோசம். கட்டுமானத் தளத்தை விட்டு வரும்போது டயரைக் கழுவித்தான் அனுப்புகிறார்கள், சரி, ஆனால் டயர்ப் பள்ளங்களில் இறுகிய ஜல்லி அந்தத் தண்ணீருக்கெல்லாம் வராது, விரைவுச்சாலையில் வேகம் பிடித்த பிறகுதான் தெறிக்கும். அகலமான டயர் ஃபெண்டரை, அதாவது சக்கரத்தை மூடும் தகட்டை, விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதைத் தடுக்க எதுவுமே இல்லை. வண்டியின் பின்கதவில் நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் இருப்பதை மறந்துவிட வேண்டாம், கண்ணாடி விரிசல் விட்டவர் அதைப் பார்த்துத்தான் அழைப்பார்.

கழற்றுபவர்கள் சொல்லும் காரணங்களில் துரு மட்டும் நியாயமானது. ஃபிளாப்புக்கும் ஃபெண்டருக்கும் இடையில் சேறு அடைந்து ஈரம் காயாமல் கிடக்கும், திருகாணி போட்ட ஓட்டையில் பெயின்ட் போயிருந்தால் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அதற்கு அவ்வப்போது தளர்த்திக் கழுவி, ஓட்டையில் பெயின்ட் தொட்டு வைத்தால் போதும். கார்நிறுத்தத்தில் பின்னால் எடுக்கும்போது கட்டையில் மாட்டி உடைகிறது என்றால் உங்களுடையது கெட்டிப் பிளாஸ்டிக், மெல்லிய ரப்பர் வாங்கிப் போடுங்கள், மடங்கி நிமிரும். பாறையிலும் காட்டாற்றிலும் ஓட்டுகிறவர்கள் கழற்றுவதற்கு அர்த்தம் இருக்கிறது. நமக்கு லிம் சூ காங் பண்ணைப் பாதைதான் காடு!

மாட்டும் உயரத்தையும் கவனிக்க வேண்டும். பிக்கப்பின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், காலியாக இருந்தால் தூக்கிக்கொண்டு நிற்கும், சிமென்ட் மூட்டை ஏற்றினால் இறங்கிவிடும். பலரும் சுமை ஏற்றியபோது தரையில் இழுபடுகிறதே என்று கத்தரித்துவிட்டுக் காலியாக ஓடும்போது அது டயரின் பாதியைக்கூட மறைக்கவில்லை என்பதைப் பார்ப்பதே இல்லை. வளையும் ரப்பராக இருந்தால் முழுச் சுமையில் லேசாக உரசினாலும் பரவாயில்லை. அகலம் டயரை விடக் குறையக் கூடாது.

ஃபிளாப் இருந்தால் எல்லாம் நின்றுவிடும் என்றும் சொல்லமாட்டேன். தட்டையான ரப்பரில் மோதும் தண்ணீரில் ஒரு பகுதி புகைபோல் எழும்பத்தான் செய்யும், அதனால்தான் ஐரோப்பாவில் கனரக லாரிகளுக்குப் புல்தரை மாதிரி சொரசொரப்பான ஃபிளாப் போடுகிறார்கள். மழையில் இடைவெளி விட்டுத்தான் போக வேண்டும், மோட்டார் சைக்கிளோட்டிகளான நமக்கும் சேர்த்துத்தான் இது.

முன்சக்கரத்து இரண்டைப் பற்றி எனக்குப் பெரிய வாதம் இல்லை. அவை பெரும்பாலும் காப்பது வண்டியின் சொந்தக் கதவையும் அதன் அடிப்பக்கத்துப் பெயின்டையும்தான். அதைக் கழற்றுவதும் வைத்திருப்பதும் உரிமையாளர் பாடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
உட்லண்ட்ஸ்