பள்ளியை மாற்றலாமா என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

யுகேஜி குழந்தை ஒன்று மதிய இடைவேளையில் பள்ளி கேட்டைத் தாண்டி மெயின் ரோடு வரை போய்விட்டதையும், டீக்கடைக்காரர் ஒருவர் கைப்பிடித்துத் திருப்பி அழைத்துவந்ததையும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. உன் மகளும் அங்கேதான் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். "வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். தொடக்கப் பள்ளியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் கேட்கிறாய் என்று தெரியும். இதே தவிப்பில் இருக்கும் மற்ற தாய்மார்களும் படிக்கட்டும் என்று, உன் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுப் பொதுவில் எழுதுகிறேன்.

நடந்தது சின்ன விஷயமில்லை. ஆனால் கேட் திறந்து கிடந்ததைவிட, அந்தச் செய்தி உனக்கு வேன் ஓட்டுநர் வழியாக வந்து சேர்ந்ததுதான் என்னை உறுத்துகிறது. அன்று மாலையே தலைமையாசிரியர் பெற்றோரைக் கூப்பிட்டு, "இப்படி நடந்துவிட்டது, நாளையிலிருந்து கேட்டில் இன்னார் நிற்பார்" என்று சொல்லியிருந்தால், அங்கேயே படிக்கட்டும் என்று தயங்காமல் எழுதியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. நீயே நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏன் நேரில் என்கிறேன் தெரியுமா? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். சமையல் கூடத்தில் பிடித்த தீ மாடி வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. இறங்க இருந்ததோ குறுகலான படிக்கட்டு. 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூன்று பேர் போனார்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்கேஜி குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. தொட்டியின் மூடி துருப்பிடித்திருந்தது. கீற்றுக் கூரை, பேருந்துத் தரை, சுவர், மூடி. இவற்றில் எதுவும் ஒரே நாளில் வந்த ஆபத்து இல்லை. தினமும் பெரியவர்கள் கடந்து போகும் இடங்களில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தவை. பழகிப்போனதால் யாரும் நின்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் புதிதாக ஒருவர் போய்ப் பார்ப்பது அவசியம் என்கிறேன்.

சான்றுகளையும் கேள். தனியார் பள்ளி என்றால் அங்கீகார ஆணை, கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். சுற்றுச்சுவரோ வேலியோ வேண்டும் என்று 2009 ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. காகிதம் சரியாக இருந்தாலும் அதோடு திரும்பிவிடாதே.

காலை வழிபாட்டு நேரத்தில் போகாதே. அப்போது எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையிலும் பள்ளி விடும் நேரத்திலும் போ. கேட்டில் யார் நிற்கிறார், குழந்தையை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று பார்த்துத்தான் அனுப்புகிறாரா, வாட்ச்மேன் டீ குடிக்கப் போனால் அந்த இடத்தில் யார் நிற்பார் என்று கவனி. வேனில் ஓட்டுநரைத் தவிர உதவியாளர் ஒருவர் ஏறுகிறாரா என்றும் பார்த்துக்கொள்.

பிறகு கழிப்பறைக்குப் போ. அலுவலகத்தை ஒட்டி இருப்பதற்கு வேண்டாம், பிள்ளைகள் போவதற்குப் போ. தாழ்ப்பாள் ஆறு வயதுக் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா? வாளியில் தண்ணீர் இருக்கிறதா? உன் மகள் மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவளுடைய தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார். காலையில் நீ நிரப்பியது அப்படியே திரும்பி வந்தால், அவள் நாள் முழுவதும் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று சந்தேகப்படு. கழிப்பறைக்குப் போக அருவருப்பாகவோ பயமாகவோ இருந்தால் குழந்தைகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். ஏன் என்று கேட்டால் "தாகம் எடுக்கவில்லை" என்றுதான் சொல்லும். எந்த ஆய்வு அதிகாரியின் குறிப்பைவிடவும் அந்தப் பாட்டிலை நான் நம்புவேன்.

படிப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். தமிழ்ப் புத்தகத்தில் இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து நான்கு வரி வாசிக்கச் சொல். மனப்பாடமான பாடத்தில் எந்தக் குழந்தையும் நன்றாக வாசிக்கும். கணக்கு நோட்டில், தப்பாகப் போட்ட கணக்குக்கும் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறதா என்று புரட்டிப் பார். கணினி அறையையும் நீச்சல் குளத்தையும் காட்டினால் பார்த்துவிட்டு, "ஒன்றாம் வகுப்பு டீச்சர் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்?" என்று கேள். வருடா வருடம் ஆசிரியர் மாறும் பள்ளியில் எந்தக் குழந்தை சுருண்டு கிடக்கிறது என்று கவனிக்க ஆள் இருக்காது. தொடக்க வகுப்புகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் வைத்த அளவு. ஒரு வகுப்பில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தால், எவ்வளவு நல்ல டீச்சரானாலும் ஒரு குழந்தை வெளியே போனதை உடனே கவனிக்க முடியாது. படிப்பின் தரமும் பாதுகாப்பும் வேறு வேறு என்று நான் நினைப்பதே இல்லை.

உன் மகளிடமும் பேசு. குறுக்கு விசாரணை வேண்டாம். "பள்ளியில் யாரைக் கண்டால் உனக்குப் பயம்?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பார். யாராவது அடித்ததாகச் சொன்னால் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. தகாத முறையில் தொட்டதாகச் சொன்னால், "நாங்களே விசாரித்துக்கொள்கிறோம்" என்று பள்ளி சொல்வதைக் கேட்டு ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். மூடி மறைக்கும் பொறுப்பாளர் தண்டனைக்கு உரியவர். உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு உன் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போ. அந்த யுகேஜி குழந்தையின் பெற்றோரைத் தனியாக விட்டுவிடாதீர்கள். பள்ளிக்காரர்கள் அந்தப் பிள்ளையைச் "சேட்டை" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். நாலரை வயதுக் குழந்தையின் மேல் அந்தப் பழியைப் போட விடாதே. கேட்டில் யார், எந்த நேரத்தில், அவர் இல்லாதபோது யார் என்று எழுத்தில் கேட்டு, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள். இரண்டு வாரம் பார். பதிலும் வந்து, கேட்டிலும் ஆள் நின்றால் மகள் அங்கேயே படிக்கட்டும். இல்லையென்றால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடு. பாதி ஆண்டில் எங்கே இடம் கிடைக்கும் என்று கலங்காதே. கல்வியாண்டின் எந்த மாதத்திலும் அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் தெரு முனையில் இருக்கும் அந்தப் பள்ளியையும் இதே கண்ணோடு போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா