பிரார்த்தனையும் மனநலமும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொள்வதாகவும், ஆலோசகரைத் தொடர்ந்து பார்த்து வருவதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கும் உன் அம்மாவுக்கும் பெரிய ஆறுதல். கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்த கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன். தியானம், பிரார்த்தனை என்று எல்லோரும் சொல்வதில் உண்மையாகவே அறிவியல் ஏதும் இருக்கிறதா, அல்லது நம்பிக்கை உள்ளவர்கள் தங்கள் திருப்திக்காகச் சொல்லிக்கொள்வதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறதம்மா. விளம்பரங்களில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை; ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடியதாக இல்லை.

கடவுள் உண்டா, ஆன்மா உண்டா என்பவற்றை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. ஆனால் ஒருவர் பிரார்த்திக்கும்போதும், தியானத்தில் அமரும்போதும், பிறரோடு கூடி வழிபடும்போதும் அவருடைய உடலிலும் மனத்திலும் என்ன நிகழ்கிறது என்பதை அளக்கலாம். சமய அனுபவத்தை அதன் விளைவுகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்று உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902-லேயே எழுதிவிட்டார். இந்த எல்லையைத் தாண்டிப் போன ஆய்வுகள் தடுமாறியிருக்கின்றன. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. முகமறியாத பிறர் செய்த பிரார்த்தனையால் நோயாளிகளுக்குப் பயன் ஏதும் கிடைக்கவில்லை என்று அது சொன்னது. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று அறிந்திருந்தவர்களுக்குச் சிக்கல்கள் சற்று அதிகமாகவே இருந்தன. அதனால் பிரார்த்தனையே வீண் என்று நான் நினைக்கவில்லை. அதன் பயனைச் செய்பவரிடத்தில்தான் தேட வேண்டும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

செய்பவரிடத்தில் நிகழ்வதை உடலிலிருந்து தொடங்கினால் எளிதில் விளங்கும். இத்தாலியைச் சேர்ந்த மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கத்தோலிக்கர்கள் ஜெபமாலையோடு சொல்லும் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை லத்தீன் மொழியிலும், பௌத்தர்களின் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரத்தையும் 23 பேரைச் சொல்ல வைத்து, அவர்களுடைய மூச்சையும் இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பதிவு செய்தார்கள். இரண்டும் வெவ்வேறு சமயங்கள், வெவ்வேறு மொழிகள். ஆனால் எதைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறை என்ற அளவுக்கு இறங்கியது. சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இரத்த அழுத்தத்தில் ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை இயல்பாகவே எழுந்து அடங்கும் ஓர் அலை உண்டு. நிமிடத்துக்கு 6 என்ற அளவில் மூச்சும் அந்த அலையும் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் ஆளுகை கூடி இதயம் சற்று மெதுவாகத் துடிக்கும். உள்ளே இழுக்கும்போது அது தளர்ந்து துடிப்பு விரையும். நீண்ட ஒரு வரியை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறவருக்கு, அவர் அறியாமலே வெளிமூச்சு நீண்டுவிடுகிறது. பதறிக்கொண்டிருக்கும் மனத்தை ‘அடங்கு’ என்றால் அது அடங்காது என்பது உனக்கே தெரியும். மூச்சோ நம் சொல்லுக்கும் கட்டுப்படும், தானாகவும் நடக்கும். அந்த ஒரு வாசலை எத்தனையோ சமயத்தவர்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மனத்தைப் பற்றிய ஆய்வுகளில் உனக்கு நேரடியாகத் தொடர்புள்ளது ஒன்றுதான். எப்போதோ ஒருவர் சொன்ன சொல்லை நள்ளிரவில் எடுத்துவைத்துக்கொண்டு, அதற்கு அன்றே என்ன பதில் சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை, தன்னிடமே ஏதோ கோளாறு இருக்கிறதோ என்று விடியும்வரை சுற்றிச் சுற்றி வருவதாக எழுதியிருந்தாய். மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருவதற்கு இந்தச் சுழற்சி ஒரு முக்கியக் காரணம் என்று கண்டு, டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் ஆகிய மூன்று உளவியலறிஞர்களும் கவனமுழுமைத் தியானத்தை 8 வாரப் பயிற்சியாக வகுத்தார்கள். எண்ணத்தோடு சண்டையிடாமல், ‘இது ஓர் எண்ணம்’ என்று கண்டுகொண்டு, மூச்சுக்குத் திரும்புவதே அதன் சாரம். 2000-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், முன்பே மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டு குணமடைந்தவர்களிடையே, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினருக்கு அது மீண்டும் வந்தது. பயிற்சியும் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கே வந்தது. இரண்டு முறை மட்டும் கண்டவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் அனைவரும் குணமடைந்த நிலையில் இருந்தவர்கள் என்பதையும் கவனி. ஆகவே, நீ இப்போது இருக்கும் நிலையில் மருந்தை நிறுத்திவிட்டுத் தியானத்தை நம்பு என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதே. மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் உன் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

கூடி வழிபடுவது பற்றியும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்கச் செவிலியர்கள் 89,708 பேரை 1996 முதல் 2010 வரை பின்தொடர்ந்த ஆய்வில், வாரம் ஒருமுறையாவது கூட்டு வழிபாட்டுக்குச் செல்பவர்களிடையே தற்கொலை, ஒருபோதும் செல்லாதவர்களிடையே இருந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகவே இருந்தது. வழிபாடுதான் காரணம் என்று இதை வைத்து அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஒரு வாரம் வராமல் போனால் ‘ஏன் வரவில்லை’ என்று விசாரிக்க நாலு பேர் இருப்பதற்கும் அதில் பங்கு இருக்கும் என்று நான் நினைக்கிறேன். நீ தனியாக இருக்கும் ஊரில் அப்படி நாலு பேர் வேண்டும். அது வழிபாட்டுக் குழுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இனிச் சொல்லப்போவதைத்தான் நீ முக்கியமாகப் படிக்க வேண்டும். உன் நம்பிக்கைக் குறைவும் முன்வினையுமே இந்த நிலைக்குக் காரணம் என்று ஒருவர் உன்னிடம் சொன்னதாக எழுதியிருந்தாய். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆன்மிகம் எப்போதும் நன்மையே செய்யும் என்பது உண்மையல்ல. அது எந்த முகத்தோடு மனத்துக்குள் நுழைகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 55 வயதுக்கு மேற்பட்ட நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001-இல் எழுதினார்கள். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தன்மீது அன்பில்லாமல் போய்விட்டார் என்று மனம் குமைந்தவர்களிடையே, உடல்நிலையையும் மனநிலையையும் கணக்கில் கொண்ட பின்பும், இறப்பு அதிகமாக இருந்தது. தண்டிக்கும் தெய்வத்தின் முன்னால் நிற்கும் மனம் ஓய்வெடுப்பதில்லை. மனச்சோர்வு ஒரு நோய். அது பக்தர்களுக்கும் வரும், துறவிகளுக்கும் வரும். உன்னை நீயே குற்றவாளியாக நிறுத்திக்கொள்ளச் செய்யும் எந்தப் பேச்சையும், அது எவ்வளவு புனிதமான சொற்களில் வந்தாலும், ஏற்றுக்கொள்ளாதே.

தொடங்க வேண்டும் என்று தோன்றினால் சிறிதாகத் தொடங்கு. சிறு வயதிலிருந்தே உனக்கு மனப்பாடமாக உள்ள ஒரு வரியை எடுத்துக்கொண்டு, வாய்விட்டு, அவசரமில்லாமல், பத்து நிமிடம் சொல். ஒவ்வொரு வரியையும் ஒரே வெளிமூச்சில் முடி. கண்ணை மூடினால் பதற்றம் கூடுமானால் திறந்தே வைத்துக்கொள். பல நாள் மௌனமாக இருந்து செய்யும் தீவிரத் தியான முகாம்கள் இப்போதைக்கு வேண்டாம். அவற்றில் சிலருக்குப் பழைய வலிகள் திடீரென்று மேலெழுந்து நிலைமை மோசமானதும் உண்டு. வீட்டிலேயே செய்யும்போதும் அப்படி ஏதாவது தோன்றினால், விடாமல் செய்துதான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் அன்றைக்கு எழுந்துவிடு.

இதையெல்லாம் ஆலோசகரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, பிற்போக்கு என்று நினைப்பாரோ என்று எழுதியிருந்தாய். கூச்சம் வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டிலேயே, சமயம் அல்லது ஆன்மிகம் சார்ந்த சிக்கல் என்பது, நோய் என்று முத்திரை குத்தப்படாமல், மருத்துவர் கவனிக்க வேண்டிய ஒன்றாகத் தனியே இடம்பெற்றது. அந்த மனிதர் சொன்ன முன்வினைப் பேச்சையும், அது உன்னை எவ்வளவு வருத்தியது என்பதையும் அடுத்த சந்திப்பில் முதல் விஷயமாகச் சொல். ஆலோசகர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுது. எழுத மனமில்லாத நாளில், எந்த நேரமானாலும் தொலைபேசியில் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா