பதினோராவது பிணமும் பதிவேடும்

அன்புள்ள கயலுக்கு,

உன் பிணவறைக் கதையையும், படித்தவர்கள் உனக்கு எழுதியதையும் சேர்த்தே படித்தேன். ஒருவர் "பயமே வரல" என்கிறார். இன்னொருவர் "சாவுல என்ன சிரிப்பு?" என்று கோபப்படுகிறார். மூன்றாமவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இந்த வகைக் கதைக்கு இது வழக்கம்தான். ஆனால் ஆளுக்கு ஆள் ரசனை என்று தள்ளிவிடாதே. முதல் இரண்டு பேரும் சொல்வதை உன் கதையில் விரல் வைத்தே காட்டலாம்.

தொடக்கம் அருமை. பதிவேட்டில் பத்துப் பெயர், மேசைகளில் பதினோரு உடல். இரவுக் காவலாளிக்குப் பிணத்தைப் பார்த்துப் பயமில்லை. கணக்கு உதைத்தால் காலையில் மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் பயம். மறுபடி எண்ணுகிறான், தன்னையும் சேர்த்து எண்ணிவிட்டோமோ என்று குழம்புகிறான். சிரிப்பு வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறை எண்ணும்போதும் நாமும் அந்தக் கடைசி மேசைக்குப் பக்கத்தில் போய்விடுகிறோம்.

மூன்றாம் பக்கத்தில் அந்தப் பதினோராவது பிணம் எழுந்து உட்கார்ந்து, "என் பேரை எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்கிறது. கதையிலேயே சிறந்த வரி இதுதான். அடுத்த வரியிலேயே பிணத்தைப் பல்லிளிக்க வைத்து, காவலாளியின் கால்சட்டையையும் நழுவவிட்டாய். கதை கவிழ்ந்தது அங்கேதான். பயந்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். சிரித்தால் அந்த மூச்சு போய்விடும். மறுபடி பயமுறுத்த வேண்டுமென்றால் முதலில் எடுத்துக்கொண்ட அளவுக்காவது இடம் வேண்டும். நீ விட்டது அரைப் பக்கம்.

தொல்காப்பியம் நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, நான்கு நிலைக்களன் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அச்சத்துக்குச் சொல்லும் நான்கில் முதலாவது அணங்கு, அதாவது பேய் போல மனிதரை வருத்தும் சக்தி. காவலாளியின் பேதைமையில் பிறக்கும் சிரிப்பு அணங்கைத் தொடுவதில்லை. ஆனால் அணங்கையே எள்ளினால், அப்புறம் அதற்கு யார் பயப்படுவார்கள்?

ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் அரசனைக் கொன்ற கையோடு குடிகார வாயிற்காவலன் வந்து உளறுவான். அந்தப் பேச்சை ஷேக்ஸ்பியர் எழுதியிருக்க மாட்டார் என்றே ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் நினைத்தார். கட்டுரையாளர் டி குவின்சியோ அதே இடத்தில் கேட்கும் கதவு தட்டும் ஓசை ஏன் அப்படி உலுக்குகிறது என்று 1823இல் தனிக் கட்டுரையே எழுதினார். என் கட்சி, அந்தக் காட்சி அங்கே இருக்கத்தான் வேண்டும். உடல் உள்ளே கிடப்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதனால் அவன் உளற உளற நமக்குப் பதற்றம் ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை.

சாவில் சிரிப்பா என்று கேட்டவர் ஆறாம் பக்கத்தைச் சொல்கிறார். உதவியாள் பையனோடு அத்தனை பக்கம் சிரித்துவிட்டோம், அவன் நமக்கு வேண்டியவனாகிவிட்டான். அவன் சாகும்போது கதைசொல்லி ஜோக் அடித்தால் வாசகனுக்கு வலிக்கும். அங்கே இரண்டு பத்தி சிரிப்பே வேண்டாம். காவலாளி பயத்தில் ஏதாவது அசட்டுத்தனமாகச் சொல்லி, அதற்கு யாரும் சிரிக்காமல் போனால் சரி, அது வேறு.

இன்னொன்று. பேய் வெளிச்சத்துக்கு வராது என்று இரண்டாம் பக்கத்தில் சொல்லிவிட்டு, ஏழாம் பக்கத்தில் ஒரு தமாஷுக்காக டியூப்லைட்டுக்குக் கீழே ஓடவிட்டிருக்கிறாய். நீ வகுத்த விதியை நீயே மீறினால், பிறகு எந்த விதியையும் வாசகன் நம்பமாட்டான்.

ஒரு பிரதி எடுத்து, சிரிப்பு வர வேண்டிய வரிகளை நீலத்திலும் பயம் வர வேண்டியவற்றைச் சிவப்பிலும் அடிக்கோடிடு. சிவப்புக்கு முன்னால் வரும் நீலத்தைப் பெரும்பாலும் தொட வேண்டியிருக்காது. சிவப்பை ஒட்டிப் பின்னால் வரும் ஒவ்வொரு நீலத்தையும் எடுத்துவிட்டுப் படித்துப் பார். அடுத்த முறை படிக்கக் கொடுக்கும்போது "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதே, எந்த வரியில் சிரித்தார்கள், எங்கே மூடிவைத்தார்கள் என்று கேள்.

மூன்றாம் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பிறகு காவலாளி ஓட வேண்டாம். பேனாவைத் தேடட்டும். கை நடுங்கட்டும், ஆனாலும் தேடட்டும். பதிவேட்டில் பதினோராவது வரி காலியாகத்தானே இருக்கிறது?

திருத்தியதும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா