செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

டோக்கியோவின் நிஷி-கசாயில் நாம் நடத்தும் வாசகர் வட்டம் இந்த ஆண்டு பத்து முறை கூடியது. ஆகஸ்டில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். ஜனவரியில் பொங்கல் விழாவே கூட்டமாகிவிட்டது.

"இந்த ஊர் சோற்றைத் தின்று இத்தனை வருஷமாகிறது, இந்த நாட்டு மனிதர் ஒருவரையாவது முழுசாகப் படிப்போம்" என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த கோரிக்கையை ஏற்று, ஆறு கூட்டங்களை ஐ.நா. அகதிகள் உயர் ஆணையராக இருந்த சடாகோ ஒகாட்டாவுக்கு ஒதுக்கினோம்.

ஒகாட்டா 1927இல் டோக்கியோவில் பிறந்தவர். அப்பா தூதரக அதிகாரி. கொள்ளுத் தாத்தா பிரதமர் இனுகாய் சுயோஷி. 1932 மே 15 அன்று இளம் கடற்படை அதிகாரிகள் பிரதமர் இல்லத்துக்குள் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது ஒகாட்டாவுக்கு நான்கு வயது. பின்னாளில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது அதே காலத்தைத்தான்: 1931இல் சீனாவின் மஞ்சூரியாவில் ஜப்பானியப் படை தன்னிச்சையாக இறங்கியது, டோக்கியோ அரசு பின்னாலேயே இழுபட்டுப் போனது. முடிவை யார் எடுத்தார்கள், யார் பொறுப்பு என்று ஒரு குடும்பத் துயரத்தை ஆய்வாக்கிய அந்தத் துணிவைப் பேசி முடிக்க இரண்டு கூட்டங்களும் போதவில்லை.

1968இல் ஐ.நா. பொதுச்சபைக்கான ஜப்பான் குழுவில் இடம், 1976இலிருந்து நியூயார்க்கில் தூதுப் பணி, 1980இல் சோஃபியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை என்ற பகுதியை ஒரே கூட்டத்தில் முடித்தோம். நவம்பரில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் யோட்சுயாவுக்குப் போய், வளாகத்தைச் சுற்றி நடந்துவிட்டும் வந்தோம்.

1991இல் அவர் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். சில வாரங்களிலேயே வடக்கு ஈராக்கிலிருந்து குர்து மக்கள் ஓடிவந்தார்கள். துருக்கி எல்லையை மூடியதால் லட்சக்கணக்கானோர் மலையில் சிக்கினார்கள். எல்லை தாண்டாதவர் சட்டப்படி அகதி இல்லை. அலுவலகத்துக்குள்ளேயே கருத்து பிளவுபட்டது. ஈராக்குக்குள் போய் அவர்களைக் காப்பது என்று ஒகாட்டா முடிவெடுத்தார்.

இதை வாசித்தபோது மன்னாரைச் சேர்ந்த நம் உறுப்பினர் அக்கா, 1990இல் மடுவில் அதே ஐ.நா. அகதிகள் அமைப்பு திறந்த நிவாரண மையத்தைப் பற்றிப் பேசினார். அங்கு தங்கியவர்களும் எல்லை தாண்டாதவர்கள்தான். அன்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

1993 பிப்ரவரியில் போஸ்னியாவில் போரிட்ட தரப்புகள் உதவி லாரிகளைத் தடுத்தும் உதவியை வாங்க மறுத்தும் அரசியல் செய்தபோது, ஒகாட்டா பெரும்பாலான பணிகளை நிறுத்தினார். சில நாட்களில் ஐ.நா. பொதுச் செயலாளர் பூத்ரோஸ் காலி அந்த முடிவை மாற்றினார். "பசியில் இருப்பவனைத் தண்டிக்கலாமா?" என்று நம் பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் தன் பெயரில் முடிவெடுத்து ஏச்சையும் தானே வாங்கிக்கொண்டது, மஞ்சூரியாவைப் படித்தவர் செய்யக்கூடிய காரியம் என்றே எனக்குப் படுகிறது.

கடைசிக் கூட்டத்தில் அமர்த்தியா சென்னுடன் அவர் தலைமையேற்ற மனிதப் பாதுகாப்பு ஆணையத்தையும், 2003 முதல் 2012 வரை ஜப்பான் அரசின் வெளிநாட்டு வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்காவின் தலைவராக இருந்ததையும் பார்த்தோம். சென்னை மெட்ரோவுக்கான முதல் ஜைக்கா கடன் 2008இல், அவர் காலத்தில்தான் கையெழுத்தானது. அப்புறம் பேச்சு முழுக்க மெட்ரோதான்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வைப்பார். அரங்க முன்பதிவு, தேநீர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது எனத் தோள் கொடுத்த அனைவருக்கும் நன்றி. அடுத்த ஆண்டு யாரை வாசிக்கலாம் என்ற பரிந்துரைகளை இன்று கூட்டம் முடிவதற்குள் என்னிடம் எழுதித் தாருங்கள்.

செயலாளர்