லீவுக்கு எந்தப் புத்தகம்? மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

"மாமா, லீவுக்குக் கதைப் புத்தகம் எடுக்கட்டுமா, கட்டுரைப் புத்தகம் எடுக்கட்டுமா?" என்று போனில் கேட்டாய். இரண்டையும் எடு, ஆனால் ஜோடியாக எடு. ஒரே மண்ணைப் பற்றி ஒரு கதை, ஒரு கட்டுரை நூல்.

பதினாறு வயதில் பாளையங்கோட்டை நூலகத்தில் வண்ணநிலவனின் 'ரெயினீஸ் ஐயர் தெரு' கிடைத்தது. மெலிசான நாவல், ராத்திரியே முடித்துவிட்டேன். அந்தத் தெரு நம் ஊரில்தானே இருக்கிறது என்று மறுநாள் சைக்கிளை எடுத்தேன். ஒரு வீட்டு நடையில் வயதான அம்மா ஒருவர் முறத்தில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "யாரைத் தேடுதே தம்பி?" என்றார். கதைக்குள்ளிருந்து கேட்ட குரல் மாதிரியே இருந்தது. பதில் சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம்தான் அந்த ஐயர் யார் என்று தேடினேன். நம் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதானே சொல்வார்கள். ரேனியஸ் என்ற ஜெர்மானியர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838இல் இங்கேயே இறந்தவர். அது தெரிந்தபின் நாவலைத் திரும்பப் படித்தேன். அதே வீடுகள், அதே மனிதர்கள், ஆனால் தெருவுக்கு வயது கூடியிருந்தது.

இந்த லீவுக்கு உனக்கு சோ. தர்மனின் 'சூல்'. 2019இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. கரிசல் கிராமம் ஒன்றையும் அதன் கண்மாயையும் பற்றிய நாவல். பெரிய புத்தகம்தான், அவசரப்படாதே. கூடவே தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. உப்பு, எண்ணெய், தேங்காய் என்று நம் அடுக்களையில் கிடக்கும் பொருள்களைப் பற்றிய சின்னச் சின்னக் கட்டுரைகள். பாளையங்கோட்டைக்காரர் எழுதியது. மத்தியானம் ஒன்று வீதம் ஆச்சிக்கு வாசித்துக் காட்டு. ஆச்சி நடுவில் நிறுத்தி ஏதாவது சொல்வாள். அதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள், அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

நீயாகத் தேடும்போது அட்டையையும் முன்னுரையையும் நம்பாதே. கதை என்றால் நடுவில் பிரித்து, ஆள் பேசும் இடத்தை வாய்விட்டுப் படி. காதில் மனிதக் குரல் கேட்டால் எடு. கட்டுரை என்றால், எழுதியவர் கண்ணால் பார்த்துச் சொல்கிறாரா, யாரிடம் கேட்டேன், எதில் படித்தேன் என்று சொல்கிறாரா என்று பார். ஒன்றும் சொல்லாமல் அடித்துப் பேசும் புத்தகத்தை, அது எவ்வளவு விற்றிருந்தாலும், அலமாரியிலேயே வைத்துவிடு.

சரி, நெல்லை எக்ஸ்பிரஸில்தானே வருகிறாய்? காலையில் ஸ்டேஷனில் இருப்பேன். பெட்டியில் துணியைக் குறை. திரும்பிப் போகும்போது புத்தகத்துக்கு இடம் வேண்டும்.

அன்புடன்,
மாமா